பதினோரு கிராம்

தொழிற்சாலை அனுப்பும் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள
இருநூறு கிராம் விசை வேண்டும்.
எவுலாலியா பெந்தான்கூரிடம்
திங்கள் காலையில் நாற்பது இருக்கும்.
வெள்ளி மாலையில் பதினைந்து.
அளந்தவன் நான்.
கடிதம் நிறுக்கும் பழைய வில்தராசை
அவர் கட்டைவிரலில் நூலால் கட்டி
"இழுங்க" என்றேன்.
"இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்."
முள் அசையவில்லை.
அவர் மேலுதட்டில் வியர்வை.

மாண்டெவிடியோ நகரப் பேருந்தில்
இருபத்திரண்டு வருடம்
டிக்கெட் கிழித்த கட்டைவிரல் அது.

முதலில் பிடியை மாற்றினோம்.
டென்னிஸ் பந்து: கை வழுக்கிக்கொண்டே இருந்தது.
கவட்டைக் கம்பி: மணிக்கட்டு அதில் சிக்கி
நாற்காலி ஃபிரிட்ஜை முட்டியது.
கதவில் பள்ளம் இன்னும் இருக்கிறது,
அதன்மேல் காந்தத்தில் மின்கட்டண ரசீது.
கடைசியில் ஒரு பிங்பாங் பந்தைப் பாதியாக அறுத்து
கிண்ணம்போல் மல்லாத்தி ஒட்டினேன்.
விரல் அதில் போய் உட்கார்ந்தது.
பிடிக்க வேண்டியதில்லை, சாய்ந்தால் போதும்.

பிறகு உள்ளே திறந்தேன்.
சுருள்வில்லைக் கழற்றி
அதைவிட மெலிந்ததை,
அதையும் கழற்றி இன்னும் மெலிந்ததை.
மூன்றாம் இரவில் பதினோரு கிராம்.
ஒரு கரண்டி மாத்தே இலை
அதைவிட எடை இருக்கும்.

விரல் நடுக்கத்தை வடிகட்ட
மென்பொருளில் ஓர் எண் உண்டு,
பூஜ்யம் முதல் நூறுவரை.
பெருமையோடு எண்பதில் வைத்தேன்.
கூடத்தை ஒரு சுற்று வந்தவர் கேட்டார்:
"இதை யார் ஓட்டுறது?"
நீங்கள்தான் என்றேன்.
"இல்ல வில்மார். நான் திரும்பி முடிச்ச பிறகு
இது யோசிச்சுத் திரும்புது.
என் மச்சான் கார் ஓட்டுற மாதிரி."
முப்பதுக்கு இறக்கினேன்.
நாற்காலி இப்போது லேசாக நெளிந்து நெளிந்து போனது.
"இது நான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரச் சாலை.
மறுகரை தெரியாத ஆறு,
இந்த ஊர்க்காரர்கள் கடல் என்றே சொல்வார்கள்.
தங்கை தொரில்தா மாத்தே குழலை
அவர் உதட்டுக்குக் கொண்டுவந்தாள்.
குடிப்பதற்காக விரலை மடியில் இறக்கிவைத்தார்.
நாற்காலி கிளம்பிற்று.

யாரும் தொடவில்லை.
கல்பாவிய தரையில், தூண்டில்காரர்களைப் பார்த்து,
நிதானமாக, வேலைக்குப் போவதுபோல.
நான் ஓடினேன். தொரில்தா வெந்நீர்க் குடுவையோடு ஓடினாள்.
சிவப்பு விசையை அமுக்கியபோது
கைப்பிடிச் சுவருக்கு இரண்டு முழம்.
அப்போதுதான் காதில் கேட்டது:
தெற்குச் சமவெளிகளைத் தாண்டி வரும் பாம்பேரோ
என் பதினோரு கிராமைக் கண்டுபிடித்துவிட்டது.
தொட்டாற்சிணுங்கியைச் செய்து
காற்றில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், மடையன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்,
கன்னமெல்லாம் மாத்தே வழிய.
"காத்துக்கும் லைசென்ஸ் எடுத்துக் குடுத்திட்டியா?"

தலைச்சாய்வில் ஒரு பொத்தான் வைக்கிறேன்,
தலை அழுத்தினால்தான் ஓடும் என்றேன்.
சிரிப்பு நின்றது.
"இருபத்திரண்டு வருஷம்
இன்னொருத்தர் ஓட்டின வண்டியில நின்னேன்.
ஒவ்வொரு திருப்பத்துலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு.
இதுக்கு ஒரு அனுமதி, அதுக்கு ஒரு அனுமதின்னு வைக்காத."
"சுவர் அனுமதி கேட்காதே" என்றேன்.
பேசாமல் வந்தோம். பெரிய அலை ஒன்று
சாலைவரை ஏறி எங்கள் மூவரையும் நனைத்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது:
பால் இனிப்பு டப்பா.
அடியை வெட்டி எறிந்து, ஒரு பக்கம் திறந்து,
ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி நிறுத்தினேன்.
பசுவின் படம் வெளிப்பக்கம்.
காற்று பசுவை முட்டிவிட்டுப் போகிறது.
பொத்தானும் இருக்கிறது,
ஆற்றோரத்தில் மட்டும்.
எது ஆற்றோரம் என்பதை அவர் சொல்வார்.

நேற்று வெள்ளி. வில்தராசில் பன்னிரண்டு.
நான் பதினைந்து என்று எழுதினேன்.
அவர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அடுத்த வில் எத்தனை?"
மேசை இழுப்பறையில் ஒரு மாதமாக
பஞ்சில் சுற்றிவைத்திருக்கிறேன்,
சொல்லவில்லை.
"ஆறு."
"காத்து?"
"பெரிய டப்பா வேணும்."
"அப்போ உள்ளே இருக்கிறதை
யாராவது தின்னு தீர்க்கணுமே" என்றார்.
தொரில்தா
மூன்று கரண்டி எடுத்துவந்தாள்.